அவர்மேல் யாரும் வழக்குப் போடவில்லை

மார்ச் 4

நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் இன்று ஒரு லென்ஸ் ஓரம் உடைந்துவிட்டது. தேய்க்கிற இயந்திரத்தில் மாட்டி, சக்கரம் சுற்ற ஆரம்பித்த நேரம் பார்த்து போன் அடித்தது. என் வீட்டுக்காரர்தான்.

"பேப்பர்ல ஓட்டை போடுற மெஷினை எங்கே வெச்சே?"

"நான் எடுக்கலைங்க."

"வீட்டுல இருக்கிறது ரெண்டு பேர். நான் எடுக்கலை. அப்போ யாரு?"

இப்படித்தான். வீட்டுப் பேச்சிலும் குறுக்கு விசாரணை. கடை முதலாளி உடைந்த லென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நாளைக்குத்தானே தீர்ப்பு, அக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

நாளைக்குத்தான். பக்கத்து பேக்கரிக்காரரும் அரசு வக்கீலும் சேர்ந்து போட்ட மனு. இந்த மனிதரை இஷ்டத்துக்கு வழக்குப் போட விடக்கூடாது என்பது அதன் சாரம். இவர் எதற்குத்தான் போடவில்லை? பேக்கரி அடுப்புச் சூடு சுவர் வழியாக வருகிறது என்று ஒன்று. பஸ் ஸ்டாப் வீட்டு வாசலில் இருக்கிறது என்று ஒன்று. அதைத் தள்ளி வைத்ததும், ஏன் தள்ளி வைத்தாய் என்று இன்னொன்று. அடுத்த வீட்டு டீச்சரின் கொடி எங்கள் வேலிக் கம்பியில் ஏறியதற்கு, பல் டாக்டர் காக்க வைத்ததற்கு, தெருச் சங்கச் செயலாளர் பொது கேட்டுக்குப் பச்சை அடித்ததற்கு. தோற்றால் மேல்கோர்ட். அங்கேயும் தோற்றால் அதற்கும் மேலே. தெருவில் அவருக்கு 'வாய்தா' என்று பேர். முகத்துக்கு நேரே 'சார்'.

எனக்கு வலித்த வழக்கு ஒன்றே ஒன்று. ஏணியை வளைத்துத் திருப்பிக் கொடுத்தார் என்று எங்கள் மாப்பிள்ளைமேல் போட்டது. அன்றிலிருந்து மகள் இந்த வீட்டுக்கு வருவதில்லை. பேத்தி நடக்கப் பழகினதைப் போனில்தான் பார்த்தேன்.

மார்ச் 5

தீர்ப்பு வந்துவிட்டது. ஜட்ஜ் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். நிதானமாகப் படித்தார். எந்தக் கோர்ட்டிலும், யார்மேலும், இந்த மனிதர் இனிப் புது வழக்குத் தொடுக்க வேண்டுமென்றால் முதலில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஒரு ஜட்ஜ் அதைப் படித்துப் பார்த்து, விஷயம் இருக்கிறது என்று தோன்றினால்தான் உள்ளே விடுவார். வேறு ஆள் பெயரில் ஒளிந்துகொண்டும் போடக்கூடாது.

"எவ்வளவு நாளைக்கு?" என்று இவர் எழுந்து கேட்டார்.

"நான் இன்னும் முடிக்கலை. உட்காருங்க."

உட்கார்ந்தார். கடைசி வரை காலம் எதுவும் குறிக்கவில்லை. சாகிற வரைக்கும் என்று அர்த்தம்.

வெளியே பேக்கரிக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று தயங்கினார். நானும் தயங்கினேன். இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டு பிரிந்தோம்.

வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டார். தோற்ற நாளில் அவருக்குப் பசி எடுக்கும். மேல்முறையீட்டுக்குத் தெம்பு வேண்டுமே.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எழுதவே கூசுகிறது. கட்டின புருஷன் நாலு பேர் நடுவில் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார், எனக்கு நிம்மதி. இருக்கட்டும். இதை வேறு யாரிடம் சொல்ல?

மார்ச் 9

மகள் பேசினாள். "இனிமே அப்பா யார்மேலயும் போட முடியாதுல்ல? உறுதியா தெரியுமா? அப்போ ஸ்கூல் லீவுல வரோம்மா. அவரும் வரேன்னு சொல்றார்." நான் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு காலண்டரில் லீவு நாட்களைத் தேடினேன். "அம்மா, இருக்கியா?" இருக்கேன்டி.

மார்ச் 27

அனுமதி கேட்டு அனுப்பின மனு திரும்பி வந்தது. பல் டாக்டர் விஷயம். 'அனுமதி மறுக்கப்படுகிறது.' ஒரே வரி.

அவர் அந்தத் தாளைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார். "என்னைக் கூப்பிடவே இல்லை" என்றார். "ஒரு தடவை கூப்பிட்டு, என்னய்யா சொல்ல வரேன்னு கேட்டிருக்கலாம்ல?"

தோற்றதில் அவருக்குக் கோபம் இல்லை. தோற்றுத் தோற்றுத் தோல் தடித்துவிட்டது. எழுந்து நிற்கணும், அவர் பேசணும், எதிரில் இருக்கிறவர் கேட்டே ஆகணும். அதுதான் போயிற்று. டெலிபோன் ஆபீஸில் முப்பது வருஷம் ஊரார் பேசுவதற்குக் கம்பி இழுத்தவர்.

ஏப்ரல் 11

இன்னும் இரண்டு மனு. இன்னும் இரண்டு தடவை அதே ஒற்றை வரி.

ஏப்ரல் 14

காலையில் நான் டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். பேக்கரிக்காரர்மேல் வழக்கு. வாதி இடத்தில் என் பெயர்.

"ஒரு கையெழுத்துதான்."

"ஆளை மாத்திப் போடக்கூடாதுன்னு ஆர்டர்ல இருக்குங்க."

"உனக்கு எப்போலேருந்து சட்டம் தெரிஞ்சுது?"

"உங்ககூடக் குப்பை கொட்ட ஆரம்பிச்சதுலேருந்து."

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தாளை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார். சாயந்திரம் வரை பேச்சு இல்லை. நல்லதாப் போச்சு, ரேடியோ கேட்டேன்.

ஏப்ரல் 30

மனிதர் சோர்ந்து போயிருக்கிறார். சவரம் செய்வதில்லை. ஆர்டர் நகலை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிறார். பாவமாகத்தான் இருக்கிறது. அந்தத் தாளைப் பிடுங்கி எங்கேயாவது போட்டுவிட்டு, வாங்க, நடந்துட்டு வரலாம் என்று கூப்பிட நினைத்தேன். கூப்பிட்டேன்கூட. "வெயில்" என்றார். வெயிலே இல்லை.

மே 3

சவரம் செய்திருக்கிறார். பாட்டு முணுமுணுக்கிறார்.

"இங்கே பாரு. நான் வழக்குத் தொடுக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா."

"என்மேல யாராவது தொடுத்தா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாராவது இவர்மேல் வழக்குப் போட்டால் இவர் பிரதிவாதி. பிரதிவாதி பேசுவதற்கு யாரும் அனுமதி கொடுக்க வேண்டாம். பதில் மனு போடலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், எழுந்து நிற்கலாம், வாய் வலிக்கிற வரை பேசலாம்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பது சரிதான்.

மே 8

பேக்கரிக்கு மாவு வண்டி வருகிற வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பேக்கரிக்காரர் வெளியே வந்தார். கையெல்லாம் மாவு.

"சார், கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன்."

"முடியாது. கேஸ் போடுங்க."

"எனக்கு எங்கே சார் நேரம், பிசைஞ்ச மாவு புளிச்சிடும்." மாவு மூட்டைகளைத் தெரு முனையிலிருந்து தோளில் சுமந்து கொண்டுவந்தார்கள். போகும்போது ஒரு சூடான ரொட்டியை இவர் மடியில் வைத்துவிட்டுப் போனார் பேக்கரிக்காரர்.

இவர் அந்த ரொட்டியில் எனக்குப் பாதி கொடுத்தார். சத்தியமாக நன்றாக இருந்தது. ஒரு விள்ளலுக்கு மேல் நான் தின்னவில்லை.

மே 15

டீச்சரின் கொடியை வேரோடு வெட்டிவிட்டார். டீச்சர் ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஒரு காலத்தில் தினமும் சாயந்திரம் என்னோடு உட்கார்ந்து பேசினவள்.

மே 19

டீச்சர் கண்ணாடிக் கடைக்கே வந்தாள், மூக்குத் தாங்கியைச் சரி செய்கிற சாக்கில். தெருச் சங்கத்தில் கூடிப் பேசினார்களாம். என்ன செய்தாலும் அவர்மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை என்று முடிவாம். செயலாளர் சொன்னாராம்: "அவருக்கு வேண்டியதே அதுதான். நாம கொடுக்க வேண்டாம்."

"உன்னை நினைச்சாதான் கஷ்டமா இருக்கு" என்றாள்.

"என்னை நினைக்காதே. கொடி திரும்ப முளைக்குமா, சொல்லு."

"முளைக்கும். அது கிடக்கு."

தெருவுக்குப் பொறுமை வந்துவிட்டது. அந்தப் பொறுமையின் பலனோடு ஒரே கூரைக்குக் கீழே இருப்பவள் நான். ஒருவர்கூடச் சண்டைக்கு வராத மனிதரோடு இருந்து பார்க்கட்டும் அவர்கள், அப்புறம் தெரியும்.

ஜூன் 2

வந்துவிட்டார்கள். மகள், மாப்பிள்ளை, பேத்தி. புதிதாக வாங்கின காரில். வாசலில் இறங்கும்போது மாப்பிள்ளை ஒரு கணம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் போய், "வாங்க, உள்ளே நிறுத்துங்க" என்றார். நான் காதால் கேட்டேன். அவரேதான் சொன்னார்.

ஜூன் 3

பேத்தி தாத்தா மடியில் உட்கார்ந்து அவர் மூக்குக் கண்ணாடியைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள். "தாத்தா, நீ கோணலா தெரியறே" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவரும்தான். இந்த வீட்டில் எல்லாரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று.

ஜூன் 5

பாவி மனுஷன்.

காலையில் அவர்கள் கிளம்பத் தயாரானபோது கார் சக்கரத்தில் சங்கிலி. கேட் கம்பியோடு சேர்த்துப் பூட்டு. சாவி அவர் சட்டைப் பையில்.

"என் இடத்துல அனுமதி இல்லாம நிறுத்தின வண்டி. பிடிச்சு வெச்சிருக்கேன். வேணும்னா கோர்ட்டுக்குப் போகட்டும்."

"நீங்கதானேங்க உள்ளே நிறுத்தச் சொன்னீங்க!"

"எழுத்துல இருக்கா?"

என்ன சொல்றது, எங்கே போய் முட்டிக்கறது. மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பேத்திக்கு நாளைக்கு ஸ்கூல். மாப்பிள்ளை பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேத்தி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மகள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னாள்: "இனி நான் இங்கே வர மாட்டேம்மா. நீ வேணும்னா அங்கே வா. இது அவர் வீடு."

அவர் வீடா? இந்த வீட்டில் பாதி என் சம்பளம். பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. நான் ஏன் பெட்டி தூக்கணும்? என் மகள் என் வீட்டுக்கு வர யார் யாரைக் கேட்கணும்? வாயில் வந்ததையெல்லாம் அவரிடம் கேட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "நீ ஏன் பதட்டப்படறே, மாப்பிள்ளை நோட்டீஸ் அனுப்புவார் பாரு" என்றார். மனிதருக்குக் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

ஜூன் 18

மாப்பிள்ளை நோட்டீஸ் அனுப்பவில்லை. தபால்காரர் வருகிற நேரத்தில் இவர் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

ஜூன் 29

இன்றும் இல்லை. கார்மேல் தூசி. யாரோ விரலால் 'வாய்தா' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஜூலை 7

கடைக்கு ஒரு வக்கீல் அம்மா வந்தாள், படிக்கிற கண்ணாடிக்கு. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே அளவு எடுக்கும்போது, முகத்தைத் திருப்பவும் முடியாமல் நகரவும் முடியாமல் இருக்கிறாளே என்று துணிந்து, அப்போது கேட்டுவிட்டேன். ஒரே வீடு, இரண்டு பேர் பெயர், புருஷனும் பெண்டாட்டியும். பிரித்துக் கொடுக்கச் சொல்லி ஒருத்தி மற்றவர்மேல் வழக்குப் போட முடியுமா?

"முடியும். பாகப்பிரிவினை. விவாகரத்து கேக்கறீங்களா?"

"இல்லை. ஒரு சுவர் கேக்கறேன்."

அளவை அவளே இன்னொரு தடவை எடுக்கச் சொன்னாள். நான் சிரித்ததில் கை ஆடிவிட்டதாம்.

ஜூலை 8

நல்லா யோசிச்சுப் பார். இது என்ன, அவர் கேட்டதையே நீ கொடுக்கிறாயா? தெரு முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு தராததை, நீ போய் நீட்டுகிறாயா?

ஆமாம், நீட்டுகிறேன். அவர் பேசட்டும். நாள் முழுக்கப் பேசட்டும். என்னைக் கூண்டில் ஏற்றி வறுத்து எடுக்கட்டும். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன். கடைசியில் முன்னறையும் கேட்டும் எனக்கு வேண்டும். அங்கே என் மகள் வருவாள்.

ஜூலை 24

வக்கீல் அம்மாவோடு உட்கார்ந்து பாரா பாராவாக எழுதினோம். வீடு வாங்கினது. யார் எவ்வளவு. முன்னறை, பின்னறை, நடுவில் நடை. மகள் வராமல் போனது. கார். பொய் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையும் இருக்கவில்லை.

ஆகஸ்ட் 12

நோட்டீஸ் வந்தது. நான் வேண்டுமென்றே லீவு போட்டு வீட்டில் இருந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று இருக்கக்கூடாது.

கையெழுத்துப் போட்டு வாங்கும்போதே, "வந்துடுச்சு பாத்தியா, மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துடுச்சு" என்றார். கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்த மாதிரி பிரித்தார். வாதியின் பெயரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் படித்தார்.

"இது நீயா?"

"நான்தாங்க."

தாளை நாலாக மடித்தார். நடையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் எதிரில் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 20

பின்னறையில் பதில் மனு தயாராகிறது. அவருடைய பதில் மனுக்கள் எல்லாவற்றுக்கும் முதல் வரி ஒன்றுதான்: 'வழக்கில் கண்ட சங்கதிகள் அனைத்தும் பொய், முழுமையாக மறுக்கப்படுகின்றன.' பிறகு ஒவ்வொரு பாராவாக எடுத்து மறுக்க வேண்டும். மறுக்காமல் விட்ட பாரா ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அவரே மகளுக்கும் எனக்கும் சாப்பாட்டு மேஜையில் சொல்லிக் கொடுத்த பாடம்.

இன்று சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நாலாவது பாரா. 'என் மகள் இந்த வீட்டுக்கு வர முடியவில்லை.' இதை நான் மறுக்கணும்."

"மறுங்க."

"எப்படி மறுக்கிறது?"

எதிர்க்கட்சிக்காரியிடமே கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. "தெரியலைங்க" என்றேன்.

ஆகஸ்ட் 23

கார் சங்கிலியைக் கழற்றிவிட்டார். ஐந்தாவது பாராவை மறுப்பதற்காம். "வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறார்னு எழுதியிருக்கே. இப்போ இல்லையே."

"நான் எழுதின தேதியில இருந்துச்சே."

தாளைப் பார்த்து, "ஆமா, தேதி இருக்கு" என்றார். ஆனாலும் சங்கிலியைத் திரும்பப் பூட்டவில்லை.

ஆகஸ்ட் 26

நான் போனில் சொன்னதும் மாப்பிள்ளை வந்து, தெருவில் நின்றபடியே சாவியை அழுத்திக் கார்க் கதவைத் திறந்து, வீட்டு வாசப்படி ஏறாமலே காரை எடுத்துக்கொண்டு போனார். இவர் பின்னறையிலிருந்து வெளியே வரவில்லை.

செப்டம்பர் 10

குப்பைக் கூடை நிறையக் கிழித்த தாள். நான் ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே கொட்டினேன்.

அக்டோபர் 6

இன்று விசாரணை.

ஒரே பஸ்ஸில்தான் போனோம். வேறு பஸ் இல்லை. அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். கோர்ட்டில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். குமாஸ்தா எங்கள் வழக்கைக் கடைசிக்குத் தள்ளி வைத்தார். வாய்தா எழுந்தால் சாயந்திரம் ஆகிவிடும் என்று அவருக்குக் கணக்கு. வக்கீல்கள் சிலர் வேடிக்கை பார்க்கவே பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். நான் பதில்களை மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டால் இது, அதைக் கேட்டால் அது.

ஜட்ஜ் கேட்டார்: "பதில் மனு எங்கே? இன்னும் வரலையே?"

அவர் எழுந்து நின்றார். வழக்கமாகச் செய்வது போல மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"போடலைங்க. மறுக்க ஒண்ணும் இல்லை."

"ஒண்ணுமேவா?"

"ரெண்டாவது பாராவுல ஒரு தப்பு இருக்கு. முன்னறையில ஒரு ஜன்னல்னு எழுதியிருக்கா. ரெண்டு. நடைப் பக்கம் ஒண்ணு பீரோவுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கு. ரெண்டும் அவளுக்குத்தான் சேரணும்."

உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். குமாஸ்தா பேனாவை எடுக்கக்கூட நேரம் ஆகவில்லை.

நான் வெளியே வந்து, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று அழுதேன். ஜெயித்துவிட்டு அழுகிறீர்களே என்று ஒரு பெண் கேட்டாள். சண்டைக்குத் தயாராகப் போனேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்திருந்தால் இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார். உட்கார்ந்தேன். "கொத்தனார் எப்போ வரார்?" என்று கேட்டார்.

நவம்பர் 13

நடையில் சுவர் இடுப்பு உயரம் வந்துவிட்டது. வீடெல்லாம் சிமெண்ட் தூசி. கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு மேலே கட்டணும்னா இப்பவே சொல்லிடுங்க, நடுவுல கதவு வேணுமா, வேண்டாமா?" என்றார்.

அவர் அந்தப் பக்கம் ஃபைல் மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அவகிட்ட கேளுங்க" என்றார்.

நான் அந்த இடுப்பு உயரச் சுவர்மேல் கையை வைத்துப் பார்த்தேன்.

"வைங்க" என்றேன். "தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கட்டும்."

சனிக்கிழமை மகள் வருகிறாள். முன்னறையில் இரண்டு ஜன்னலையும் துடைத்து வைத்திருக்கிறேன்.